கடைசிக் கூம்பு

மோவாப் ஊருக்கு வெளியே
பத்தாவது மைலில் எனக்குப் பின்னால் யாருமில்லை,
ஒரு பிக்கப் வண்டியைத் தவிர.

நின்று நின்று வருகிறது அது,
நான் கடந்த ஆரஞ்சுக் கூம்புகளைப் பொறுக்கியபடி.
நான் ஓட ஓடப்
பந்தயத்தைச் சுருட்டுகிறார்கள், பாயைப்போல.

ஓட்டுபவர் பெயர் டுவெய்ன்.
"ஏறிக்கொள்கிறீர்களா?" என்றார் இருமுறை.
மூன்றாம் முறை கேட்கவில்லை;
ரேடியோவை மட்டும் குறைத்தார்.

மேடு. மறுபடி மேடு.
இறக்கம் என்று நம்பியதெல்லாம்
அடுத்த மேடு நமக்குக் கொடுத்த கடன்.
செம்பாறை இருபுறமும் அனல் துப்ப,
கீழே கொலராடோ
ஆறிப்போன தேநீர் நிறத்தில்,
அவசரமே இல்லாமல்.

மேசையை மடித்துக்கொண்டிருந்த சிறுமி
மிச்சமிருந்த ஊறுகாய்த் தண்ணீரைக்
காகிதக் கோப்பையில் நீட்டினாள்.
"கண்ணை மூடிக் குடிச்சிடுங்க."
குடித்தேன்.
கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது
மெல்ல விட்டது.

எல்லையில் வளைவைக் காற்றிறக்கியிருந்தார்கள்.
தரையில் கிடந்தது, வெறும் ரப்பர்த் துணியாக.
மிதிக்க மனமின்றிச் சுற்றிப்போய்
நேரம் காட்டும் பலகை எங்கே என்றேன்.
அதுவும் வண்டியேறிவிட்டது.

டுவெய்ன் தன் கைக்கடிகாரத்தில்
எதையோ அழுத்தி நிறுத்திக் காட்டினார்:
மூன்று மணி ஐம்பத்தொரு நிமிடம்.

பிறகு குனிந்து
என் காலடியில் இருந்த கூம்பை எடுத்துக்கொண்டார்.