பெத்தகானவில் காற்று இறங்கியது

ஐந்தேகாலுக்கு வெள்ளவத்தை.
காலி வீதியில் ஒரு பாண் வண்டியும் நானும்.
கிருலப்பனைப் பாலத்தில் கியர் ஒருமுறை உதறியது,
பிட்டகோட்டே ஏற்றத்தில் என் மூச்சு.

பெத்தகானவில் அகழி தெரிந்த வளைவில்
பின்சில்லு ‘உஸ்’ என்றது.
அவ்வளவுதான். படுத்துவிட்டது.

கோட்டைச் சுவர் என்கிறது பலகை.
செம்புரைக்கல், என் தோளளவு.
அதன்மேல் ஒரு பள்ளிச் சீருடை
இரவு முழுக்கக் கிடந்தும் ஈரமாக.
சுவர் முடிகிற இடத்தில்
யாருடையதோ குளியலறை தொடங்குகிறது.

டியூபைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.
மல்காந்தி, பெயரைப் பிறகுதான் கேட்டேன்,
நீலப் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“எங்கிருந்து?”
வெள்ளவத்தை.
“அதற்கு முன்?”

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
சீருடை போட்டவர்களும் கேட்டிருக்கிறார்கள்,
டோர்ச் வெளிச்சத்தில், அடையாள அட்டையைப் புரட்டியபடி.

“அதற்கு முன் நித்திரை” என்றேன், என் அரைகுறைச் சிங்களத்தில்.
சிரித்தாள். திரும்பக் கேட்கவில்லை.

டியூபை அமுக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம்.
வால்வுக்குப் பக்கத்தில்
ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறின.
“இவ்வளவு சின்னதா?”

சுவரைப் பார்த்தேன்.
எந்த இடத்தில் முதலில் விட்டது என்று
அமுக்கிப் பார்க்க
அந்த அளவில் பேசின் கிடையாது.

ஒட்டு பிடித்தது.
மிச்சத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள்.

இறக்கத்தில் தியவன்னா திடீரென்று முழுதாக வந்தது,
கட்டையில் நீர்க்காகம் இரண்டு சிறகையும் காயப்போட்டபடி.
நான் பிரேக்கைத் தொடவில்லை.