அறுபத்து நான்கு படிகள்

ருஸ்தாவி உருக்காலையில்
என் கிரேனுக்கு ஏற அறுபத்து நான்கு படிகள்.
இருபத்து நாலு வருடமாக ஏறுகிறேன்,
எண்ணியதில்லை.
மருந்து தொடங்கிய ஆறாவது வாரம்
எண்ணத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி.
வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து
நானே போட்டுக்கொள்கிறேன்.
குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால்
அட்டைப் பெட்டிக்குள் இருப்பது
எங்கள் பழைய நிவா கார்.
விற்றுத்தான் வாங்கினோம்.
வாரத்துக்கு ஒரு சக்கரம், ஒரு கதவு என்று
ஒட்டார் கணக்கு வைத்திருக்கிறார்.
"இன்றைக்குக் கியர்பாக்ஸ்.
பார்த்துப் போடு, லமாரா."

நடுச்சாமத்தில் காய்ச்சல் வரும்.
பல் கிட்டிக்கும்.
மூன்று கம்பளிக்குள்ளும்
ஜனவரித் தண்ணீர்க்குழாய் மாதிரி உதறுவேன்.
சனி முழுக்கப் படுக்கை.
ஞாயிறு எழுந்து உட்கார்ந்து
தலையணையிலிருந்து முடி பொறுக்குவேன்.
திங்கள், படிகள்.

காலையில் மூன்று மாத்திரை, மாலையில் மூன்று.
"ரத்தத்தைக் கொஞ்சம் தின்னும்" என்றார் டாக்டர் எத்தேரி.
கொஞ்சமா?
நாற்பதாவது படியில்
காதுக்குள் சரக்கு ரயில் போகிறது.
பதினைந்து டன் இரும்பை
ஒரு விரலால் நகர்த்துகிறவள் நான்.
வீட்டில் கெண்டியைத் தூக்க
இரண்டு கை வேண்டியிருக்கிறது.

எண்பத்தொன்பது, பிப்ரவரி.
கோச்சா தலை திரும்பாமல் வந்தான்.
ரத்தம் நிற்கவில்லை.
இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்,
யாருடையது என்று எழுதிவைக்கவில்லை.
அது இல்லாவிட்டால் அன்றைக்கே போயிருப்பேன்.
அதனால்தான் இன்றைக்கு இப்படி.
திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.
தூக்கம் வராத இரவுகளில்
அந்த ஆளோடு பேசுகிறேன்:
உனக்குத் தெரிந்திருந்ததா?
இருக்கிறாயா இன்னும்?
உனக்கு விற்பதற்குக் கார் இருந்ததா?

இந்த ஊசி
நாக்கையும் பிடித்துக்கொள்கிறது.
பீன்ஸில் உப்புக் கூடிப்போனதற்குச்
சட்டியோடு சுவரில் அடித்தேன்.
இருபது வருடத்துக் குப்பையை
வாரிக் கொட்டினேன் அவர் தலையில்.
ஒட்டார் சுவரைத் துடைத்தார்.
பிறகு காலண்டரில் அந்தத் தேதிக்குள்
பென்சிலால் எழுதினார்: பீன்ஸ்.
இப்போது அதில் இருக்கிறது
பீன்ஸ். கதவு. தொலைபேசி.
மறுபடி கதவு.
படித்துவிட்டு அழுதேனா சிரித்தேனா
எனக்கே தெரியாது.
சிரிப்புக்கும் அப்போது மூச்சு வாங்கும்.

இருபத்தாறாவது வாரம் கோச்சாவின் கல்யாணம்.
விருந்தை நடத்தும் தமதா எழுந்து
"மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு!" என்றார்.
எண்பது பேர் எழுந்தார்கள்.
அடிவரை குடிக்க வேண்டும், அதுதான் வழக்கம்.
பெண்ணின் மாமா ஜும்பர்
என் கோப்பையை மோந்து பார்த்தார்.
"இதென்ன, மாதுளைச் சாறா?"
ஈரக்குலை நடுங்கியது.
ரத்த அழுத்தம் என்று சொல்லியிருக்கலாம்.
பல்வலி என்று சொல்லியிருக்கலாம்.
நோயின் பெயரைச் சொன்னேன்,
அத்தனை சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை.

ஒரு கரண்டி தட்டில் விழுந்தது.
எதிரே இருந்தவள் தன் தட்டை
ஒரு விரற்கடை, ஒரே ஒரு விரற்கடை
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
தமதா நல்ல மனிதர், அடுத்த வாழ்த்துக்குப் போனார்.

கிளம்பும்போது கோட்டுகள் தொங்கும் மூலையில்
ஜும்பர் என்னை மறித்து நின்றார்.
முகத்தைப் பார்க்காமல்
ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"ஊசி ஒன்று என்ன விலை?"
சொன்னேன்.
"காய்ச்சல் தாங்குமா?"
தாங்காது, ஆனால் விடியும் என்றேன்.
டாக்டர் எத்தேரியின் எண்ணைச்
சிகரெட் பெட்டியின் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.
பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி,
மழையைப் பற்றிப் பேசினார்.

இது முப்பத்தொன்றாவது வாரம்.
நாற்பதாவது படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே சங்கிலி மாட்டும் மரேகி
அண்ணாந்து பார்க்கிறாள்.
முன்பென்றால் கத்துவாள்.
இப்போது கையுறையைக் கழற்றி
நகத்தில் அழுக்கு எடுப்பதுபோல் நிற்கிறாள்,
அவளுக்கு அவசரமே இல்லை என்பதுபோல்.
சோதனை முடிவு அடுத்த மாதம்.
கிருமி போகலாம், போகாமலும் இருக்கலாம்,
பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர்.

இன்னும் பதினேழு வெள்ளிக்கிழமைகள்.
காரில் பின் கண்ணாடி மிச்சம் இருக்கிறது,
வைப்பர், ரேடியோ,
ஹாரன்.
அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார் ஒட்டார்.

நாற்பத்தொன்று.