இரட்டை முடிச்சு

என்னை முந்துகிற ஒவ்வொருவருக்கும் ஐம்பது வெள்ளி
என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார் லியோங்.
பணம் நமக்கில்லை,
சிறுநீரக நிலையத்து உண்டியலுக்கு.
ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை.
சுலபமான தர்மம் என்று நினைத்துவிட்டோம்.

அன்றோடு கெட்டது அலுவலகம்.
மின்தூக்கியை விட்டுவிட்டு
பதினோரு மாடியும் படியில் வந்தாள் சுஹைலா.
பூன் கியாட் கோப்பியில் சீனியை விட்டான்,
நான்காம் நாள் மறுபடி சேர்த்துக்கொண்டான்.
பெட்டி தூக்குகிறவனோடு ஓடுவீர்களா என்று
கிடங்கிலிருந்து செழியன் ஒரு வரி எழுதினான்.
நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
இரவு பத்துக்கு மேல்
தெம்பனிஸ் புளோக்குகளுக்கு நடுவே
பூனைகள் மட்டும் பார்க்க
ஓடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, முதல் ரயிலுக்கும் முந்தைய இருட்டு.
டாக்சியில் நான்கு பேர்,
ஆளுக்கு ஐந்து வெள்ளி முப்பது காசு.
ஈஸ்ட் கோஸ்ட்டில் சட்டை கொடுத்த பையன்
அளவை மாற்றிவிட்டான்:
லியோங்குடையது எனக்கு, என்னுடையது அவருக்கு.
மாற்றிக்கொள்ளலாமா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
என் சட்டை முழங்காலைத் தேடிப் போனது.
அவர் சட்டை தொப்புளோடு நின்றுகொண்டது.
அப்படியே குனிந்து, மூச்சுத் திணறி,
லேஸில் இரட்டை முடிச்சுப் போட்டார்.
இழுத்துப் பார்த்து இன்னொருமுறை இறுக்கினார்.
நான் பார்த்தேன்.

கடலில் கப்பல்கள் வரிசையில் காத்திருந்தன.
அவற்றில் சிலவற்றுக்குத் தாள் எழுதுவது நாங்கள்தான்;
கண்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்துப் பிசகியதற்கு
வெள்ளிக்கிழமை மாலைவரை சண்டை.
இன்றைக்கு அவை நின்றன,
நாங்கள் ஓடினோம்.

மூன்றாம் கிலோமீட்டரில்
ஆள் எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.
பின்னால் இல்லை.
முன்னால், சவுக்கு மரங்களைத் தாண்டி,
ஒரு தொப்புள்சட்டை குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.
செழியன் விலாவைப் பிடித்துக்கொண்டு
கெட்ட வார்த்தை ஒன்றைத் தமிழில் சொன்னான்.
பெர்னாடெட்டுக்கும் புரிந்தது.

நான் மட்டும் துரத்தினேன்.
பூனைகளுக்குத் தெரியும் நான் யாரென்று.
முந்நூறு மீட்டர் இருக்கும்போது
அவர் கழுத்து வியர்வை தெரிகிற தூரம்.
அப்போதுதான்
சட்டென்று ஓரமாக உட்கார்ந்து
லேஸைக் கட்டத் தொடங்கினார்.

அவிழாத லேஸை.

சுஹைலா கூவிக்கொண்டே கடந்தாள்,
பூன் கியாட், பெர்னாடெட்,
நொண்டிக்கொண்டு செழியன்கூட.
முடிச்சைப் பார்த்தபடியே
உதடுகள் எண்ணின: ஐம்பது, நூறு,
நூற்றைம்பது, இருநூறு.
நிமிர்ந்தார். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

'போ, மங்கை. ஐம்பது வெள்ளி.'
'எழுந்திருங்க சார்.'
'நல்ல காரியத்துக்குப் பணம்.'
'அந்த ஐம்பதை நான் போடறேன். எழுந்திருங்க.'

ஒரு நொடி முறைத்தார்,
பட்டியலில் தப்புக் கண்டுபிடிக்கும்போது முறைப்பாரே, அப்படி.
பிறகு சொல்லாமல் கிளம்பினார்.
அது கள்ளத் தொடக்கம்,
எங்கும் எழுதிக்கொடுப்பேன்.

கடைசி முந்நூறு மீட்டரில்
தர்மம், சம்பளம், வருட முடிவு மதிப்பீடு
ஒன்றும் நினைவில்லை.
ஒரு முழங்கை என் மேல் பட்டது.
என்னுடையதும் அவர்மேல் பட்டிருக்கலாம்.
கோட்டை அவர் நெஞ்சு தொட்டது,
ஆனால் அதற்கு முன்பே
காற்றில் உப்பிப் பறந்த என் சட்டை நுனி தொட்டது.

'சட்டை கணக்கில் வராது' என்றார்,
புல்லில் மல்லாந்து.
'அளவு உங்களுடையதுதானே சார்' என்றேன்.
உண்டியலில் என் ஐம்பதைப் போட்டேன்.
அவரும் ஒன்று போட்டார்,
எதற்கென்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை,
பதினொன்றிலிருந்து பத்தாம் மாடிக்கு இறங்க
மின்தூக்கிக்குக் காத்திருந்தேன்.
கதவு திறந்தது.
உள்ளே கைப்பிடியைப் பிடித்தபடி லியோங்.
அவரும் பத்துக்குத்தான்.
இருவரும் எண்பலகையையே பார்த்தோம்.