தீர்மானம் பதினான்கு

நாற்பது நாற்காலி போட்டிருந்தேன்.
பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ஒரே அறை,
கரும்பலகையில் இடுப்பளவுக்கு உப்புக்கோடு.
மேசையில் வரைபடம், ஆறு வண்ணப் பேனா,
சாந்தியாகோவிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பா.
காலை பதினொரு மணி.
கில்மார் மீனவர் குடியிலிருந்து
வந்தது ஒரு நாய்.

இரண்டு வாரம் கழித்து, அதே நேரம், அதே அறை.
நாயும் வரவில்லை.

'உள்ளூர் மக்களுக்கு ஆர்வமில்லை'
என்று அறிக்கையில் எழுதிவிட்டு
பெட்ரோல் போட நின்றேன்.
ஈரப் பாசிக்கட்டுகளை லாரியில் எறிந்துகொண்டிருந்த
எதுவீகிஸ், என் கழுத்து அட்டையைப் படித்தாள்.
"பதினொரு மணிக்குக் கூட்டம் வைக்கிற ஆள் நீதானா?
அப்போதுதான் கடல் வற்றிக் கிடக்கும்.
பாறையில் இறங்கிப் பாசி அறுப்போமா,
வந்து உன் பிஸ்கட் தின்போமா?"

அன்றைக்குத்தான்
ஓத அட்டவணை ஒன்று வாங்கினேன்.
நான்கு மாதமாகக் கடலோரத்தில்
வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கூட்டம் கடல் ஏறியபின், மாலை ஐந்தரைக்கு,
ஐஸ் கிடங்கில். அவர்கள் வழக்கமாகச்
சண்டை போடும் இடம் அதுதானாம்.

சண்டைதான் போட்டார்கள்.
திடலை மேட்டுக்கு மாற்றினால்
பந்து உருண்டு கடலில்தான் போய் நிற்கும் என்றான் நொல்பெர்த்தோ.
புது வீட்டுக்குக் கடல் தெரிகிற ஜன்னல் வேண்டும் என்றாள் ஒருத்தி.
வேண்டவே வேண்டாம் என்றாள் அவள் தங்கை.
அதற்குப்பின் நெடுநேரம்
ஐஸ் சரிகிற சத்தம் மட்டும்.

என் படிவத்தில் அதற்கு
'ஆழிப்பேரலை நிகழ்வு' என்று பெயர்.
அவர்களுக்கு 'அந்த ராத்திரி'.

"எந்த வழியாக ஏறினீர்கள்?"

சிவப்பில் தடித்து நான் வரைந்திருந்த
தப்பிக்கும் பாதை எண் இரண்டின் பக்கம்
ஒரு கையும் போகவில்லை.
டீசல் மணக்கும் விரல்கள்
ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து நின்ற இடம்
பால்தொமேரோ வீட்டுக் கோழிக்கூடு.
பின்வேலியைக் கம்பிவெட்டியால் அறுத்து
யூகலிப்டஸ் வேர்களைப் பற்றிக்கொண்டு
இருட்டில் நூற்றுப்பதினேழு பேர்.
ஒசியேல் பக்கத்து வீட்டுக்காரனை முதுகில் சுமந்து ஏறினான்.
இருவருக்கும் ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
உச்சியில் இறக்கிவிட்ட பிறகும்
பேசவில்லை.

அந்த இடத்தில்தான் நான்
நான்கு மீட்டர் காங்கிரீட் சுவர் போட்டிருந்தேன்.
நல்ல சுவர். நேர்கோடு.
யாரும் என்னைத் திட்டவில்லை.
பென்சிலில்தானே இருந்தது;
எதுவீகிஸ் எங்கிருந்தோ
ஒரு ரப்பர் தேடிவந்து கொடுத்தாள்.

இப்போது அங்கே படிக்கட்டு.
படியின் உயரம் பதினேழு சென்டிமீட்டர் என்கிறது விதி.
மூட்டுவலிக்காரர்கள் கூடி, கால் தூக்கிப் பார்த்து,
பதினாலுக்குமேல் ஆகாது என்றார்கள்.
கைப்பிடிக்கு உடைந்த படகுகளின் துடுப்புகள்.
ஒப்பந்தக்காரர் முறைத்தார்,
பிறகு ஆணி கொடுத்தார்.
பலகையில் 'பாதை எண் இரண்டு'.
வாயில் 'கோழிப்படி'.

போன மாதம் ஒத்திகை. சங்கு ஊதியது.
கரையிலிருந்து உச்சிக்கு ஒன்பது நிமிடம்.
அதில் இரண்டு நிமிடம்
கூடவே ஏறிவந்த கோழிகளால் போனது.

வேலை முடிந்ததா என்று தலைநகரில் கேட்கிறார்கள்.
இல்லை. சுகாதார நிலையம் இன்னும் கூடாரத்தில்.
பதினொரு பெயர்களை எங்கே பொறிப்பது என்பதில்
நான்கு கூட்டம் பாதியில் கலைந்தது.
தீர்மானம் பதினான்கு நிலுவையில்:
'அறுபட்ட வேலிக்குக் காசு யார் தருவது?'
ஒவ்வொரு முறையும் பால்தொமேரோ எழுந்து கேட்கிறார்.
ஒவ்வொரு முறையும் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.
அன்றிரவு கம்பிவெட்டியோடு
முதலில் ஓடிவந்தது அவர்தான்
என்பது எல்லாருக்கும் தெரியும்.

குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
விவாதிக்கப்பட்டது. முடிவில்லை.
அடுத்த கூட்டம் வியாழன்,
கடல் ஏறியபின்.