மீதி: கொட்டப்பட்டது

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி.
மாமரத்திலிருந்து விழுந்த பையனுக்குக்
கை எலும்பை நேராக்கிக் கட்டிய பிறகும்
குப்பியில் முக்கால்வாசி நிற்கிறது.
கெட்டமின். நூற்றுச் சொச்சம் ரூபாய்.
எடுத்தது இவ்வளவு, மீதி கொட்டப்பட்டது
என்று பதிவேட்டில் நான் எழுதவேண்டும்.
சாட்சிக் கையெழுத்துக்கு ஜெனோவா.
குழாயைத் திறந்தால்
தண்ணீரோடு தண்ணீராய்ப் போய்விடும்.

வீரவநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார்
நாறும்பூ, என் வீட்டுக்காரர்.
இரும்பை நூலளவுக்குக் கடைகிற கை
ஓர் ஆவணியில் சட்டைப் பொத்தானிடம் தோற்றது.
அப்புறம் பல் தேய்ப்பது. அப்புறம் எழுந்து உட்கார்வது.
ஆறு வகை மாத்திரை.
ஹைகிரவுண்டில் பன்னிரண்டு தடவை கரண்டு;
காசு கேட்கவில்லை, குறை சொல்ல மாட்டேன்.
நாலு மாசம் மனுஷனாய் இருந்தார்.
பிறகு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

மதுரை டாக்டர் புது வைத்தியத்தின் பேரைச் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அந்த அலமாரிச் சாவி
என் இடுப்பில்தானே தொங்குகிறது.
தடவைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு.
ஆறு தடவை. அதற்கு மேல், பார்த்துக்கொண்டு.
"மருந்துக்கு இல்லம்மா இந்தக் காசு.
படுக்கைக்கு, மானிட்டருக்கு,
ரெண்டு மணி நேரம் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு."
காப்பீட்டு அட்டையை நீட்டினேன்.
கவுண்டர்ப் பெண் மேலும் கீழும் தேடினாள்.
இடுப்பெலும்பு இருந்தது, இருதயம் இருந்தது.
"இது இதில இல்லக்கா."

தடவைக்கு ஒரு வளையல்.
எனக்கு இரண்டு வளையல்.

இரண்டாவது முடிந்து திரும்புகையில்
சாத்தூரில் பஸ் நின்றது.
ஜன்னலுக்கு நீண்ட கூடையைப் பார்த்து
"வெள்ளரிக்காய் வாங்கு. உப்பு கூட வைக்கச் சொல்லு" என்றார்.
பதினோரு மாசத்தில் அவராகக் கேட்ட முதல் சாமான்.
இருபது ரூபாய்.
சில்லறை கை நழுவிச் சீட்டுக்கடியில் உருண்டது.
கயத்தாறு தாண்டும்போது காற்றாலையைக் காட்டி
"அந்த மூணாவதுல பேரிங் தேஞ்சிருக்கு,
சத்தம் கேக்கா?" என்றார்.
ஓடுகிற பஸ்ஸில் என்ன கேட்கும்?
கேக்கு என்றேன்.

பத்து நாள் தானே முகம் வழித்தார்.
பட்டறைச் சாவி எங்கே என்று ஒருநாள் கேட்டார்.
எண்ணெய் போட்டு வைத்தேன்.
பதினேழாம் நாள் கேட்கவில்லை.
ஐந்து வாரமாகிறது,
மூன்றாவதற்கு இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

மயக்க டாக்டர் கடையத்திலிருந்து பைக்கில் வருகிறவர்.
இன்று அவர் கையுறை கழற்றும்போது
கேட்டேவிட்டேன்.
தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.
"குடுக்கத் தெரியும் சிஸ்டர்.
எழுதித்தர மனநல டாக்டர் வேணும், தனி ரூம் வேணும்.
பிரஷர் ஏறினா, பயந்து எந்திரிச்சா,
பக்கத்திலயே உக்காந்து பாக்க ஆள் வேணும்."

பக்கத்திலயே உக்காந்து பாக்க.
வேறென்ன செய்யுதேன் டாக்டர் நான்,
இத்தனை நாளா?
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
எல்லாருமே நிஜத்தைத்தான் சொல்கிறார்கள்.

குழாயைத் திறந்தேன்.
பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது,
எண்ணை எழுத்தாலும் எழுதவேண்டும்.
ஏழரை மில்லி.
ஜெனோவா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"யாருக்குக்கா ஏழரை?"
கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு
இன்னும் மூவாயிரம் குறைகிறது.