நான்கு மணி நேரம்

ஏழு படி உருண்டான் செல்வின்.
நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம்.
"ஸ்கேன் எடுங்க, பணம் இருக்கு" என்றேன்,
சீட்டுப்பணத்தைச் சட்டைப்பையோடு அழுத்தியபடி.

டாக்டர் பெந்த்சே டார்ச்சை அணைத்தார்.
ஒரே ஒரு வாந்தி, அதுவும் வடாபாவ்.
மயங்கவில்லை. ஊசிக்காரியைத் திட்டுகிறான்.
"நாலு வயசு மண்டைக்குக் கதிர் எதற்கு, சும்மா?
இங்கேயே இருங்கள். அடிக்கடி எழுப்புங்கள்.
எழாவிட்டால், மறுபடி வாந்தி வந்தால், ஓடி வாருங்கள்."

சும்மா உட்காருவது
இவ்வளவு கனமா?

ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர்,
குளியலறையில் வழுக்கினாராம்,
ரத்தம் உறையாதிருக்க மாத்திரை தின்பவராம்,
கேள்வியில்லாமல் ஸ்கேன் அறைக்குள் போனார்.
மூடிய கதவைப் பார்த்து
எனக்குப் பொறாமை.
அவர் மகள் தரையில் அமர்ந்ததும்
அதுவும் போனது.

சயானில் முதல் லோக்கல் கத்தியபோது
ஒன்பதாவது முறை எழுப்பினேன்.
"மீதி வடாபாவ் எங்கே?"
என்றான்.