நான்கு சதவீதம்

புறக்கோட்டை, மூன்றாம் குறுக்குத் தெரு,
துணிக்கடையின் நிலவறை.
மூன்று ட்ரான்ஸ்போமர்கள் தோளொட்டி முனகுகின்றன,
ஒவ்வொன்றும் ஐந்நூறு கேவிஏ,
பெயின்ட் இன்னும் மணக்கிறது.

வராத ஒன்றைத்தான் கணக்கிடுகிறேன்.
கொலன்னாவைப் பக்கம் வற்றாத ஆறு என்று வைத்துக்கொண்டு,
நானூறு வோல்ட், மூன்றின் வர்க்கமூலம்:
முழுச்சுமைக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபத்தைந்து ஆம்பியர்.
பழைய பெட்டிகளில் தடங்கல் ஆறு சதவீதம்.
வகுத்தால் முப்பத்தாறாயிரம்;
பிறேக்கர் தாங்குவதும் அவ்வளவே, மயிரிழையில்.
புதியவை திறம். தடங்கல் நான்கே.
ஐம்பத்து நாலாயிரம்.

இரண்டு தரம் வகுத்தேன்.
மூன்றாம் தரம் பென்சிலால், சேலை பில் ஒன்றின் பின்புறத்தில்.

முஹ்சீன் ஹாஜியார் பேனையை நீட்டுகிறார்:
"பெருநாள் வியாபாரம், மிஸ்.
இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லயே."
நடக்கவில்லைதான்.
ஒரு எலி போதும். ஒரு ஸ்பேனர் நழுவினால் போதும்,
செப்புப் பட்டைகள் ஒன்றையொன்று உதறி வளைய.

ஜயலத் பிறேக்கரில் முதுகு சாய்த்துச்
சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறான்.
எண்ணை அவனுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
தலையாட்டினான், பருப்பைப் பிசைந்தான்,
பிறகு பார்சலோடு எழுந்து
படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.